ஒளி இட்ட கோலம்: ஆடியும் சீரொளியும் வரைந்த வடிவங்களின் வரலாறு

தம்போயில் வாழும் நம்மவருக்கு ஜொகூர் பாருவின் கண்ணாடிக் கோயிலைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரிலிருந்து உறவினர் வந்தால் முதலில் அழைத்துச் செல்லும் இடம் அது. 1922ஆம் ஆண்டில் ஓர் எளிய குடிலாகத் தோன்றிய அருள்மிகு ஸ்ரீ ராஜ காளியம்மன் ஆலயம், இன்று சுவர், தூண், கூரை எங்கும் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பெற்று, 2010ஆம் ஆண்டில் நாட்டின் முதற் கண்ணாடிக் கோயில் என்னும் பெயரோடு மலேசியச் சாதனை நூலில் இடம்பெற்றது. உள்ளே நுழைந்து இரண்டடி எடுத்து வைத்தால் சுவர் முழுவதும் ஒளி நகர்வது போலத் தோன்றும். நின்றால் ஒளியும் நின்றுவிடும். அங்கே ஆடிகள் அசைவதில்லை. காண்பவராகிய நாமே அசைகிறோம்.

இந்தச் சிறு வேறுபாட்டிலிருந்து நம் உரையைத் தொடங்கலாம். ஆடியைச் சுவரில் பதித்து மனிதன் நடந்தால் மினுமினுப்புக் கிடைக்கும். மனிதன் நின்று, ஆடி அசைந்தால் என்ன கிடைக்கும்? வடிவம் கிடைக்கும். வட்டம், நீள்வட்டம், எட்டு வடிவம், பல இதழ்ப் பூ ஆகியவற்றைச் சுவரில் ஒளியே வரைந்து காட்டும். விழா மேடைகளில் பச்சையும் சிவப்புமாகப் பாயும் சீரொளிக் காட்சியைக் கண்டு இது நேற்றைய புதுமை என்று மாணவர் எண்ணுகின்றனர். அதில் புதியது ஒளிமூலம் ஒன்றுதான். வரைகின்ற கையோ 160 ஆண்டுகளுக்கும் முற்பட்டது. அக்கையின் வரலாற்றையே இங்குக் கூற முற்படுகிறோம். இடையிடையே தமிழர் பெயரும் தமிழர் வாசலும் வரும்; ஆனால் உண்மை அனுமதிக்கும் அளவுக்கு மேல் அவற்றை உயர்த்திப் பேசப் போவதில்லை.

மொழி மன்றத்தின் உரையாதலின் சொற்களை முதலில் பார்த்துவிடுவோம். முகம் பார்க்கும் கருவிக்கு 'ஆடி' என்பது பழஞ்சொல். 'கண்ணாடி' என்னும் பேச்சுச்சொல் இன்று முகம் பார்ப்பதையும், சன்னலில் பொருத்துவதையும், மூக்கில் அணிவதையும் ஒருசேரக் குறிப்பதால், அறிவியல் நூலார் 'சமதள ஆடி', 'குழியாடி', 'குவியாடி' எனப் பழஞ்சொல்லையே மீட்டெடுத்தனர். 'லேசர்' என்பது ஆங்கிலத்திலேயே ஒரு சுருக்கப் பெயர். தூண்டப்பட்ட கதிர்வீச்சு உமிழ்வால் நிகழும் ஒளிப்பெருக்கம் என்பது அதன் விரிவு. இதைத் தமிழில் 'சீரொளி' என்றது ஒரு நல்ல ஆக்கம். விளக்கொளியில் அலைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் எழுகின்றன. சீரொளியிலோ அவை ஒரே நிறத்தில், ஒரே நடையில், அடி பிறழாமல் செல்கின்றன. அந்தச் சீரைச் சொல் பிடித்துவிட்டது. ஒளி ஆடியிற் பட்டுத் திரும்புவதைத் தமிழ்நாட்டார் 'எதிரொளிப்பு' என்பர். இலங்கையார் 'தெறிப்பு' என்பர். இங்கே நம் வகுப்பறைகளில் 'பிரதிபலிப்பு' வழங்குகிறது. மூன்றையும் அறிந்திருப்பது நன்று. 'தெறிப்பு' என்னும் சொல்லில் ஒளி பந்துபோல் மோதித் திரும்பும் வேகம் ஒலிப்பதால் எமக்கு அதன்மேல் தனிப் பற்று உண்டு.

இனி வரலாற்றுக்கு வருவோம். அசையும் ஆடியின் வலிமை ஓர் எளிய கணக்கில் இருக்கிறது. ஆடியை 1 பாகை திருப்பினால் தெறித்த ஒளி 2 பாகை திரும்பும். கதிர் போகும் தொலைவு கூடக் கூட, சுவரில் விழும் புள்ளியின் நகர்ச்சியும் கூடும். கண்ணுக்கே புலப்படாத அசைவு ஒன்றைப் பத்தடிக்கு அப்பால் ஒரு சாண் அசைவாகக் காட்ட இயலும் என்பதே இதன் பயன். செருமானிய அறிஞர் போகென்டோர்ஃப் 1826ஆம் ஆண்டிலேயே இவ்வுத்தியைக் காந்த ஊசியின் சிறு திருப்பங்களை அளக்கப் பயன்படுத்தினார். பிற்காலத்தில் கெல்வின் பிரபு எனப்பட்ட வில்லியம் தாம்சன், 1858ஆம் ஆண்டில் இதனைக் கடலடித் தந்தியின் கண்ணாக்கினார். பல்லாயிரம் மைல் கம்பியைக் கடந்து வரும் மின்னோட்டம் மிக மெலிந்தது. ஒரு மணியை அடிக்கவும் அதற்கு வலுவில்லை. ஆயினும் மெல்லிய இழையில் தொங்கும் சிறு ஆடியை அதனால் இம்மியளவு திருப்ப முடியும். அந்த ஆடியில் பட்ட விளக்கொளி எதிரேயுள்ள அளவுகோலில் இடமும் வலமுமாக ஓடும். அதைப் பார்த்துச் செய்தியைப் படித்தார்கள். ஆடிக் கால்வனாமீட்டர் என்பது இதுவே.

நம் பகுதிக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. சென்னையிலிருந்து பினாங்கு வழியாகச் சிங்கப்பூருக்குக் கடலடிக் கம்பி இடப்பட்டு, 1871ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தந்தி ஓடத் தொடங்கியது. தமிழர்கள் கப்பலில் நாட்கணக்கில் கடந்த அதே கடலைச் செய்தி நிமிடக்கணக்கில் கடக்கலாயிற்று. கடலடிக் கம்பிகளின் முனைகளில் ஆடியும் ஒளிப்புள்ளியும் வேலை செய்த காலம் அது. இன்றைய சீரொளிக் காட்சிக் கருவியைத் திறந்து பார்ப்பவர், உள்ளே நகக்கண் அளவுள்ள இரண்டு ஆடிகள் ஒன்றுக்கொன்று செங்குத்தான அச்சுகளில் திரும்புவதைக் காண்பார். அவற்றைத் திருப்பும் உறுப்புக்குத் தொழிலாளர் இட்ட பெயர் 'கால்வோ'. தந்தியறையிலிருந்த முன்னோரின் பெயரே சுருங்கி மேடைக்கு வந்திருக்கிறது.

ஆனால் தந்தி ஆடி ஒரு திசையில் மட்டுமே ஓடிற்று. அதனால் கோடு மட்டுமே வரைய முடிந்தது. இரண்டு திசைகளை இணைத்து வடிவம் வரைந்தவர் ஓர் ஆசிரியர். பாரிசு நகரின் புனித லூயி உயர்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்த ழூல் அந்துவான் லிசாழு என்பார், 1822இல் பிறந்தவர். ஒலியைக் கண்ணால் காண வேண்டும் என்பது அவருடைய வேட்கை. இரண்டு இசைக்கவைகளை எடுத்தார். ஒவ்வொன்றின் கிளையிலும் ஒரு சிறு ஆடியைப் பொருத்தினார். ஒன்று மேலும் கீழும் அதிரும்படியும் மற்றொன்று பக்கவாட்டில் அதிரும்படியும் நிறுத்தினார். நுண்துளை வழியே வந்த விளக்கொளி முதல் ஆடியிற் பட்டு, இரண்டாம் ஆடிக்குச் சென்று, அங்கிருந்து திரையில் விழுந்தது. கவைகளைத் தட்டியதும் திரையிலிருந்த புள்ளி விரிந்து வளைகோடாயிற்று. 1857ஆம் ஆண்டில் அவர் இவ்வாய்வைப் பிரெஞ்சு அறிவியற் கழகத்தின் முன் வைத்தார். அமெரிக்கரான நத்தானியல் போடிச் 1815ஆம் ஆண்டிலேயே இரட்டைத் தொங்கலுடைய ஊசலைக் கொண்டு இத்தகைய வளைகோடுகளை ஆராய்ந்திருந்தார் எனினும், ஒளியால் அவற்றை ஊரறியக் காட்டியவர் லிசாழுவே. ஆகவே அவ்வடிவங்கள் அவர் பெயராலேயே வழங்குகின்றன.

இவ்வடிவங்களில் சற்று நிற்போம். இரு கவைகளும் ஒரே அதிர்வெண் உடையன என்றால் சாய்கோடோ நீள்வட்டமோ வட்டமோ தோன்றும். எது தோன்றும் என்பது, ஒன்று எழும்போது மற்றது எந்தக் கட்டத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தது. ஒன்றின் அதிர்வெண் மற்றதைப்போல் இருமடங்காயின் 8 என்னும் எண்ணின் வடிவம் வரும். இசை பயிலும் மாணவர் இதைத் தம் மொழியில் எளிதாகப் புரிந்துகொள்வர். கீழ்ச் சட்சத்துக்கும் மேல் சட்சத்துக்கும் உள்ள விகிதம் 1:2. அது ஒளியில் எட்டு. சட்சத்துக்கும் பஞ்சமத்துக்கும் உள்ள விகிதம் 2:3. அது ஒளியில் ஒரு பக்கத்தில் மூன்று வளைவும் மறுபக்கத்தில் இரண்டு வளைவும் கொண்ட பின்னல். சட்சமும் சுத்த மத்தியமமும் 3:4. பின்னல் இன்னும் நெருங்கும். விகிதம் சுத்தமாக இருந்தால் வடிவம் அசையாமல் நிற்கும். சுருதி இம்மி பிசகினாலும் வடிவம் மெல்லப் புரண்டுகொண்டே இருக்கும். செவி உணராத பிசகைக் கண் காட்டிக்கொடுத்துவிடும். லிசாழுவின் நோக்கமும் இதுவேயாகும். அழகான படம் காட்டுவது அவர் எண்ணமன்று. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அரசு இசைக்கருவிகளுக்குரிய பொதுச் சுருதியை நொடிக்கு 435 அதிர்வு என வரையறுத்தபோது, அதற்கென அமைந்த குழுவில் அவரும் இருந்தார். இசையரங்கில் சுருதி பிசகினால் முகம் சுளிக்கும் நம் பெரியவர்கள் அவரை நன்றாகவே மதித்திருப்பார்கள்.

இனித் தமிழ் மண்ணில் பிறந்த ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். விழா மேடைகளில், "சீரொளிக் காட்சிக்கு வித்திட்டவரே நம் இராமன்" என்று சிலர் முழங்கக் கேட்டிருக்கிறோம். அது சரியன்று; ஆனால் முற்றிலும் பொய்யுமன்று. எவ்வளவு உண்மை என்பதை அளந்து சொல்வதே அப்பெரியாருக்குச் செய்யும் மரியாதை.

1888ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன், ஒளிச்சிதறல் ஆய்வுக்காக 1930ஆம் ஆண்டின் நோபல் பரிசைப் பெற்றார் என்பதைப் பாடநூல் சொல்லும். அதற்கு முன்பே கல்கத்தாவில் அவர் வயலின் நரம்பின் அதிர்வையும் மிருதங்கத்தின் நாதத்தையும் ஆராய்ந்து வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. மற்றப் பல தோற்கருவிகளின் ஒலியில் விகிதமற்ற சுரங்கள் கலந்து ஒலிக்க, மிருதங்கத்தின் நடுவே இடும் கருஞ்சாந்து அச்சுரங்களை எளிய விகிதங்களுக்குள் கொண்டுவருகிறது என்று அவர் காட்டினார். அதிரும் தோலின்மீது மணல் தூவி, மணல் ஒதுங்கும் கோடுகளைக் கொண்டு அவ்வதிர்வுகளைக் கண்ணுக்குப் புலப்படுத்தினார். ஒலியைக் கண்ணால் காணும் வேட்கை லிசாழுவுக்கு இருந்ததைப் போலவே அவருக்கும் இருந்தது.

1933ஆம் ஆண்டில் பெங்களூரின் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கு இயக்குநராகச் சென்ற பின், 1935, 1936ஆம் ஆண்டுகளில், நாகேந்திர நாத் என்னும் இளம் ஆய்வாளருடன் சேர்ந்து ஐந்து கட்டுரைகளை இராமன் வெளியிட்டார். கேள்வி இதுதான்: மிக உயர்ந்த அதிர்வெண்ணுடைய மீயொலி ஒரு நீர்மத்தின் வழியே செல்லும்போது, அதற்குக் குறுக்கே ஒளியை விட்டால் என்ன ஆகும்? ஒலி செல்லும் நீர்மத்தில் அடர்ந்த பட்டைகளும் தளர்ந்த பட்டைகளும் மாறிமாறி அமையும். ஒளியலையின் முகப்பு அவற்றைக் கடக்கையில், மழைநீர் ஓடிய மணலைப் போல அலையலையாக மடிந்துவிடும். அவ்வாறு மடிந்த ஒளி நேரே செல்லும் கதிராகவும் இருமருங்கும் விலகிய பல கதிர்களாகவும் பிரியும். இவ்விளைவை 1932ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டிருந்தனர். பல கதிர்கள் ஏன் தோன்றுகின்றன, எந்தக் கதிர் எவ்வளவு ஒளிரும் என்பதற்குத் தெளிவான கணிதம் தந்தவர்கள் இராமனும் நாத்தும் ஆவர். அது இன்றளவும் இராமன்-நாத் விளைவு எனப்படுகிறது. மாணவர் பெயரும் ஆசிரியர் பெயரும் ஒருங்கே நிலைத்த அரிய நிகழ்வு இது. நம்மவர் இதை எடுத்துரைக்கையில் நாத்தின் பெயரை மட்டும் விட்டுவிடுவது ஏனோ விளங்கவில்லை.

இதற்கும் மேடைக்கும் என்ன தொடர்பு? ஆடிகள் ஒளியின் திசையை மாற்றும்; ஆனால் ஒளியை நொடிப்பொழுதில் அணைக்கவும், கூட்டவும், குறைக்கவும், பல நிறக் கதிரிலிருந்து வேண்டிய நிறத்தை மட்டும் எடுக்கவும் வேறு கருவி வேண்டும். வாயுச் சீரொளி ஆட்சி செய்த நாட்களில் அவ்வேலையைச் செய்தது தெலூரியம் டை ஆக்சைடு போன்ற ஒரு படிகம். படிகத்துக்குள் மீயொலியைச் செலுத்தினால் ஒளி விலகும். நிறுத்தினால் நேரே செல்லும். ஒலியின் அதிர்வெண்ணை மாற்றினால் வேறொரு நிறம் விலகும். ஒலியால் ஒளியை ஆளும் இத்துறைக்குக் கணித அடித்தளம் அமைத்தவர்களுள் இராமனும் நாத்தும் அடங்குவர். ஆயினும் அக்கருவிகள் பெரும்பாலும் இயங்குவது தடித்த படிகத்தில், ஒரே ஒரு கதிர் மட்டும் வலுப்பெறும் வேறொரு நிலையில். அந்நிலைக்குப் பிராக் என்னும் அறிஞரின் பெயர் வழங்குகிறது. எனவே இராமன் சீரொளிக் காட்சியைக் கண்டுபிடிக்கவில்லை. அவர் இக்கட்டுரைகளை எழுதியபோது சீரொளியே பிறந்திருக்கவில்லை. ஒளியையும் ஒலியையும் இணைத்த பாலத்தில் வலுவான ஒரு தூணை அவர் நாட்டினார் என்று சொன்னால் போதும். அதுவே சிறிய செய்தியன்று.

சீரொளி பிறந்தது 1960ஆம் ஆண்டு மே 16ஆம் நாள். கலிபோர்னியாவில் தியோடர் மைமன், செயற்கை மாணிக்கக் கோல் ஒன்றிலிருந்து அதனைப் பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் அலி ஜவானும் அவர்தம் தோழரும் ஹீலியம்-நியான் வாயுச் சீரொளியை இயக்கினர். கண்ணுக்குப் புலப்படும் அதன் சிவப்பொளி 1962இல் வந்தது. சீரொளியின் பிறப்பிலும் ஆடிக்கே முதலிடம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. எதிரெதிராக நிறுத்திய இரண்டு ஆடிகளுக்கு இடையே ஒளி மீண்டும் மீண்டும் ஓடித்தான் வலுப்பெறுகிறது. ஓர் ஆடி ஒளியில் ஒரு சிறு பங்கை மட்டும் வெளியே விடும்படி அமைக்கப்படுகிறது. அந்தக் கசிவே நாம் காணும் கதிர். முடிதிருத்தகத்தில் எதிரெதிர் ஆடிகளுக்கு இடையே அமர்ந்து தம் தலை எண்ணற்றதாய் நீண்டு செல்வதைக் கண்டவர்கள் சீரொளியின் உட்புறத்தை ஒருவாறு கண்டவர்களே.

கலைஞர்கள் கைக்கு அது விரைவிலேயே வந்து சேர்ந்தது. 1969ஆம் ஆண்டு மே 9ஆம் நாள், கலிபோர்னியாவின் ஓக்லாந்து நகரிலுள்ள மில்ஸ் கல்லூரியில், இசையமைப்பாளர் லோவல் கிராஸ், இயற்பியலாளர் கார்சன் ஜெஃப்ரிஸ், இசைஞர் டேவிட் டியூடர் ஆகிய மூவரும் பல நிறச் சீரொளியை ஆடிகளால் திருப்பி வடிவம் காட்டினர். அந்த ஆடிகளை அசைத்தது இசையின் மின்குறிகள். இசைக்கவைக்குப் பதில் ஒலிபெருக்கிக் கருவி, விளக்குக்குப் பதில் சீரொளி. மற்றபடி அது லிசாழுவின் மேசைதான். மறு ஆண்டு ஒசாகா உலகக் கண்காட்சியில் இவர்களது கருவி ஒரு காட்சிக்கூடத்தின் கீழறையில் நிறுவப்பட்டது. அதன் மேலறையிலோ 90 அடி விட்டமுள்ள ஆடிக் கூரை, வந்தவர்களின் உருவத்தைத் தலைகீழாக வானில் தொங்கவிட்டது. 1973 நவம்பரில் ஐவன் டிரையர் லாஸ் ஏஞ்சலிசின் கிரிஃபித் வானாய்வகக் கோளரங்கில் 'லேசேரியம்' என்ற பெயரில் கட்டணக் காட்சி தொடங்கினார். அதன்பின் இது தொழிலாகிவிட்டது. இன்று கணினி நொடிக்குப் பல்லாயிரம் புள்ளிகள் வீதம் ஆடிகளுக்கு ஆணையிடுகிறது. ஒரு புள்ளி ஓடுவதை நம் கண் முழு உருவமாகக் காண்கிறது. பிந்திய இந்த வரலாறு பெரும்பாலும் வேகத்தையும் விலையையும் பற்றியது. அதனை இவ்வளவில் விடுவோம்.

நம் வாசலுக்குத் திரும்புகிறோம். சிக்குக் கோலமும் ஆடியில் தெறிக்கும் ஒளியும் ஒரே கணிதத்துக்கு உட்பட்டவை என்று சொன்னால் வியப்பாக இருக்கும். சொன்னவர் தமிழரல்லர்; மொசாம்பிக் நாட்டில் வாழ்ந்த பாவ்லுசு கெர்டஸ் என்னும் கணிதப் பேராசிரியர். அங்கோலா நாட்டு மக்கள் மணலில் புள்ளி வைத்து, கை எடுக்காமல் வரையும் சோனா ஓவியங்களை அவர் பல்லாண்டு ஆராய்ந்தார். அவற்றோடு தமிழர் கோலங்களையும் ஒப்புநோக்கி 1989ஆம் ஆண்டில் ஓர் ஆய்வும் வெளியிட்டார். இவ்வாய்வுகளிலிருந்து அவர் வகுத்த கருத்துக்கு 'ஆடிக்கோடு' என்று பெயரிடலாம்.

அதை இவ்வாறு விளக்கலாம். நேர்ப்புள்ளி வைத்த ஒரு கோலக் களத்தை எண்ணிக்கொள்க. அதைச் சுற்றி நான்கு பக்கமும் ஆடிச் சுவர் எழுப்புக; ஓரப் புள்ளிக்கும் சுவருக்கும் உள்ள தொலைவு, இரு புள்ளிகளுக்கு இடையேயுள்ள தொலைவில் பாதியாக இருக்கட்டும். ஓரப் புள்ளி ஒன்றின் நேர்கீழே, சுவரோரத்திலிருந்து 45 பாகைச் சாய்வில் ஒரு சீரொளிக் கதிரை விடுக. கதிர் புள்ளிகளுக்கு இடையே புகுந்து, சுவரில் பட்டுத் தெறித்து, மீண்டும் புகுந்து, இறுதியில் தொடங்கிய இடத்துக்கே வரும். அதன் முனைகளை வளைத்துவிட்டால் கிடைப்பது நம் பாட்டிமார் இட்ட பின்னற் கோலம். எல்லாப் புள்ளிகளையும் ஒரே கதிர் சுற்றி முடிக்குமா? அதைக் கணக்கு சொல்லும். வரிசையில் எத்தனை புள்ளி, எத்தனை வரிசை என்னும் இரண்டு எண்களின் பொதுக் காரணிகளுள் மிகப் பெரியது எதுவோ, அத்தனை தனிக் கோடுகள் தேவைப்படும். மூன்றுக்கு இரண்டு எனப் புள்ளி வைத்தால் பொதுக் காரணி 1. ஒரே கோட்டில் முடியும். இரண்டுக்கு இரண்டு என்றால் 2. இரு கோடுகள் வேண்டும். ஆறுக்கு நான்கு என்றாலும் இரண்டே.

இரண்டை ஒன்றாக்குவது எப்படி? களத்துக்குள், அடுத்தடுத்த இரு புள்ளிகளுக்கு நடுவே, இருபுறமும் ஒளி தெறிக்கும் சிற்றாடி ஒன்றை நிறுத்த வேண்டும். வெவ்வேறு கோடுகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் இடத்தில் அதை நிறுத்தினால் இரண்டும் இணைந்து ஒரே கோடாகிவிடும். கோலத்தில் இரு கம்பிகள் வெட்டாமல், நெருங்கி வந்து திரும்பிப் போகும் இடங்களை நினைத்துப் பார்க்கவும். அவை ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஆடி நிற்கும் இடம். வெள்ளெனத் தெளித்த வாசலில் குனிந்து நின்று, எங்கே வெட்ட விடுவது, எங்கே திருப்புவது என்று கணத்தில் முடிவுசெய்யும் கை, ஆடி எங்கே நிற்க வேண்டும் என்பதைத்தான் முடிவுசெய்கிறது. அக்கைக்கு உரியவர்களின் பெயர் எந்த ஆய்விதழிலும் இல்லை.

தமிழகத்திலும் இப்பணி நடந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர், கோலங்களைக் கணினி வரையத்தக்க இலக்கண விதிகளாக எழுத முடியும் என்று 1974ஆம் ஆண்டில் காட்டினர். வாக்கியத்துக்கு இலக்கணம் இருப்பதைப்போல் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு என்னும் அவ்வாய்வை, மொழியாசிரியர்கள் தம் வகுப்பில் ஒருமுறையேனும் குறிப்பிடலாம்.

இவ்விடத்தில் லிசாழு மீண்டும் வந்து நிற்கிறார். மூன்றுக்கு இரண்டு புள்ளிக் களத்தில் ஓடும் கதிர், மேற்சுவரில் மூன்று முறையும் பக்கச் சுவரில் இரண்டு முறையும் தெறிக்கும். முனைகளை வளைத்தால் அது 2:3 விகிதத்துக்குரிய லிசாழு வடிவம். அதாவது, ஆறு புள்ளிகளைச் சுற்றிய அச்சிறு கோலம் சட்சமும் பஞ்சமமும் சேர்ந்து ஒலிக்கும்போது ஆடிகள் வரையும் அதே வடிவம்.

ஆசிரியர்களுக்கு ஒரு சொல். இவற்றை வகுப்பில் காட்டப் பெருஞ்செலவு வேண்டா. பொம்மை வண்டியிலிருந்து எடுத்த இரண்டு சிறு மின்மோட்டார்கள், இரண்டு சிற்றாடித் துண்டுகள், மின்கலம், சீரொளிச் சுட்டி ஆகியவை போதும். ஆடியை மோட்டார் அச்சின் முனையில் இம்மியளவு சாய்வாக ஒட்ட வேண்டும். நேராக ஒட்டினால் புள்ளி புள்ளியாகவே நிற்கும். சுழலும் சாய்ந்த ஆடி புள்ளியை வட்டமாக்கும். அவ்வட்டத்தை இரண்டாம் ஆடியில் விழச் செய்தால் வட்டத்தின்மேல் வட்டம் ஏறிப் பூவாகும். கோள்களின் நடையைக் கணிக்க ஆரியபட்டர் முதலான பழைய வானியலார் வட்டத்தின்மேல் வட்டம் வைத்ததும் இதே முறைதான். ஒரு மோட்டார் ஒரு சுற்றுச் சுற்றும் நேரத்தில் மற்றது எதிர்த்திசையில் ஐந்து சுற்றுச் சுற்றினால் ஆறு இதழ் தோன்றும். ஒரே திசையில் சுற்றினால் நான்கு மடிப்பு. கூட்டலும் கழித்தலும் சுவரில் தெரியும். கதிர் ஆடியில் மிகவும் சாய்வாகப் பட்டால் வட்டம் நசுங்கி நீள்வட்டமாகும். நாம் முதன்முறை செய்தபோது அரைமணி நேரம் மோட்டாரைக் குறை கூறிக்கொண்டிருந்தோம், குறை கோணத்தில் இருந்தது. 1 மில்லிவாட்டுக்கு மேற்படாத சுட்டியையே பயன்படுத்துக. மாணவர் கண்மட்டத்துக்குக் கீழே கதிர் ஓடட்டும். தெறித்த கதிரும் நேர்க்கதிரைப் போலவே கண்ணுக்குத் தீங்கு செய்யும் என்பதை, மோட்டாரை முடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். சந்தையில் விற்கும் சுட்டிகளின்மேல் ஒட்டிய அளவை முழுதும் நம்புவதற்கில்லை.

மொழியைப் பற்றியும் ஒன்று. 2003ஆம் ஆண்டு முதல் இந்நாட்டுப் பள்ளிகளில் அறிவியலும் கணிதமும் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டன; 2009இல் அக்கொள்கையைக் கைவிட முடிவு செய்யப்பட்டு, அதன்பின் அப்பாடங்கள் படிப்படியாகத் தமிழுக்குத் திரும்பின. அவ்விடைக்காலத்தில் தொடக்கப்பள்ளி பயின்றவர்கள் இன்று ஆசிரியர்களாகவும் பெற்றோர்களாகவும் இருக்கின்றனர். அவர்களுள் ஒருவர், நாம் அமைத்த ஒளிப்பூவைக் கண்டு, "இது ஏன் இப்படி வருகிறது என்று எனக்குத் தெரியும், பிள்ளைக்குத் தமிழில் சொல்லத்தான் வரவில்லை" என்றார். அவருக்காக ஒரு தாளில் பத்துச் சொற்களை எழுதிக் கொடுத்தோம்: ஆடி, கதிர், தெறிப்பு, படுகோணம், அச்சு, அதிர்வெண், விகிதம், கட்டம், சுழற்சி, சீரொளி. அவர் அத்தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மகளை அருகில் நிறுத்தி, மோட்டாரைத் தாமே முடுக்கினார். "முதல் ஆடி ஒரு வட்டம் போடுது, பார்," என்று தொடங்கினார். அந்தச் சிறுமி கேட்ட முதற் கேள்வி, "அப்பா, மூணாவது ஆடி வெச்சா?" என்பது. நம்மிடம் அன்று இரண்டு மோட்டார்களே இருந்தன.